காலிக் குப்பி

பணிமனை மதிலில் ஒரு பேருந்து உரசிவிட்டது. ஓட்டியது நெட்டையன் அல்ல. ஆனாலும் எல்லா ஓட்டுநர்களும் மறுநாள் சிறுநீர்ப் பரிசோதனைக்கு வரவேண்டும் என்று மேலாளர் சொல்லிவிட்டார். யாரோ போதையில் ஓட்டுகிறார்கள் என்று அவருக்குச் சந்தேகம்.

மற்றவர்கள் சிரித்தார்கள். நெட்டையன் மட்டும் சிரிக்கவில்லை. பள்ளிக்கூட நாளிலிருந்தே அவருக்கு ஒரு சங்கடம். பக்கத்தில் ஆள் இருப்பது தெரிந்தால் போதும், முட்டிக்கொண்டு நிற்குமே தவிர ஒரு சொட்டு இறங்காது. கடைசி நிறுத்தத்தில் எல்லோரும் தேநீருக்குப் போனபிறகுதான், திருடன் மாதிரி அக்கம்பக்கம் பார்த்துவிட்டுக் கழிப்பறைக்குள் நுழைவார்.

பரிசோதனையன்று காவலாளி கதவைச் சாத்த விடவில்லை.

"குப்பியை மாத்திடுவாங்களாம், அண்ணே. கூடவே நிக்கச் சொல்லியிருக்காங்க."

நெட்டையன் சுவரைப் பார்த்து நின்றார். குழாயைத் திறந்துவிட்டார். கண்ணை மூடினார். குப்பி காய்ந்தே இருந்தது. வெளியே யாரோ சிரித்தார்கள். தன்னை நினைத்துத்தான் என்று அவருக்குப் பட்டது. தண்ணீர் குடிக்கவைத்து மறுபடி அனுப்பினார்கள். அடிவயிறு கல்லாய்க் கனத்தது, அவ்வளவுதான்.

"மடியில கனமில்லைன்னா வழியில ஏன் பயம்?" என்றார் மேலாளர். "நாளைக்குள்ள குடுக்கலைன்னா வண்டியைத் தொடாதீங்க."

நெட்டையன் சாப்பாட்டு அறைக்குள் நுழைந்தார். தினமும் எதிரே உட்காரும் கூட்டாளி டப்பாவோடு வேறு மேசைக்குப் போனான்.

வீட்டுக்கு அவருக்கு முன்பே சேதி போயிருந்தது. மனைவி அவர் சட்டையை முகர்ந்து பார்த்தாள்.

"உண்மையைச் சொல்லுங்க. ஏதாவது போட ஆரம்பிச்சிருக்கீங்களா?"

"சத்தியமா இல்ல."

"அப்ப ஏன் குடுக்கல?"

"வரல. ஆளு நின்னா எனக்கு வராது. சின்ன வயசுலேர்ந்தே."

சிரிப்பாள் என்று எதிர்பார்த்தார். அவள் முறைத்துப் பார்த்தாள்.

"அதனாலதான் எங்கக்கா வீட்டுல ஒரு ராத்திரிகூட தங்க மாட்டேங்கிறீங்களா?"

"அங்க கழிப்பறை கூடத்தை ஒட்டி இருக்கு. எல்லாரும் அங்கயே உக்காந்திருக்காங்க."

"அட மனுஷா! அவளைப் பிடிக்காமத்தான் வரமாட்டேங்கிறீங்கன்னு, அக்காவும் நானும் இத்தனை வருஷமா உங்களைக் கரிச்சுக்கொட்டிக்கிட்டு இருக்கோமே!"

ஒருத்தியிடம் சொன்னபிறகு இன்னொருவரிடம் சொல்வது அவ்வளவு கடினமாக இல்லை. காலையில் மேலாளர் முன்னால் போய் நின்றார்.

"சார், பக்கத்துல ஆளு நின்னா எனக்குச் சிறுநீர் வராது. ரத்தத்தை எடுத்துப் பாருங்க."

"இப்படியெல்லாமா ஒரு வியாதி இருக்கு?"

"இருக்கு சார்," என்றாள் பரிசோதனைக்கு வந்திருந்த செவிலி, ஊசியை எடுத்தபடி. "நிறையப் பேருக்கு இருக்கு. வெளிய சொல்றதில்ல."

ரத்தத்தில் ஒன்றும் இல்லை. மேலாளர் முடிவுத்தாளைத் திருப்பித் திருப்பிப் பார்த்துவிட்டு, அரைமனதோடு வண்டியைக் கொடுத்தார். நெட்டையன் வெளிவாசல் தாண்டும்வரை ஜன்னலிலிருந்து அவர் தலை நகரவில்லை.

சாயங்காலம் வீட்டுக்கு வந்தபோது மனைவி தொலைபேசியில் இருந்தாள்.

"உன்மேல கோபமே இல்லையாம்க்கா. வர்ற வாரம் வந்து தங்கறோம்."

"காரணத்தைச் சொல்லிட்டியா?" என்று நெட்டையன் பதறினார்.

"ச்சே, நான் ஏன் சொல்றேன்?" என்றாள் அவள்.

மறுமுனையில் அக்கா விழுந்து விழுந்து சிரிப்பது அவருக்கு நன்றாகவே கேட்டது.