நீலம் என்றும் ஊதா என்றும்

மேலகரத்தில், குற்றாலம் போகிற சாலையை ஒட்டி ஒரு மாடி வீடு. கீழே இரண்டு குடித்தனம். வலது பாதியில் அண்ணன் லிங்கேஸ்வரனும் அவர் மனைவி சங்கரேஸ்வரியும். இடது பாதியில் தம்பி விஜயசங்கர், அவன் மனைவி ஸ்ரீதேவி, அவர்களுடைய ஆறு வயது மகள் குழல்மொழி. மாடியில் இரண்டு அறைகள் உண்டு. சாரல் காலத்தில் அருவிக்கு வருகிறவர்களுக்கு வாடகைக்கு விடுவார்கள்.

இரண்டு குடித்தனத்துக்கும் நடுச்சுவரில் ஒரு கதவு. அதற்கு இரண்டு பக்கமும் தாழ்ப்பாள் இருந்தது. ஒரு பக்கம்கூட யாரும் போட்டதில்லை. குழல்மொழி ஒரு நாளைக்கு இருபது தடவையாவது அந்தக் கதவு வழியாகப் போய் வருவாள். அம்மா வீட்டில் இட்லி என்றால், பெரியம்மை வீட்டில் என்ன என்று பார்த்துவிட்டு வந்துதான் தனக்குப் பசிக்கிறதா இல்லையா என்பதை முடிவு செய்வாள். சங்கரேஸ்வரிக்குப் பிள்ளைகள் இல்லை. குற்றாலத்து அம்மன் பெயரைக் குழந்தைக்கு வைக்கச் சொன்னவள் அவள்தான். தோசை வார்க்கும்போது அந்தக் கதவைப் பார்த்தபடியே வார்ப்பது அவளுக்கு வழக்கமாகிவிட்டது.

அந்தக் கதவைச் செங்கல் வைத்து அடைத்துவிடுவது என்று முடிவானதற்குக் காரணம் ஒரு நிறம்.

மே மாதக் கடைசி. சாரல் தொடங்குமுன் வீட்டு முகப்புக்குப் பெயிண்ட் அடித்துவிட வேண்டும் என்று நால்வரும் காபியோடு உட்கார்ந்து பேசினார்கள். என்ன நிறம் என்ற கேள்வி வந்தது. சங்கரேஸ்வரியின் நாக்கில் முதலில் வந்த சொல் ‘ப்ளூ’. அதை அவள் விழுங்கிவிட்டாள்.

ஸ்ரீதேவி தமிழாசிரியை. கோபிசெட்டிபாளையத்துப் பெண். தென்காசியில் ஒரு பள்ளிக்கூடத்தில் பாடம் நடத்துகிறாள். வீட்டிலும் கலப்பில்லாத தமிழ்தான் பேச வேண்டும் என்பது அவள் கொள்கை. யாராவது ‘ரெட்’ என்றால் ‘சிவப்பு’ என்று மெல்லத் திருத்துவாள். எட்டாவதோடு படிப்பை நிறுத்திய சங்கரேஸ்வரிக்கு ஓரகத்தியின் படிப்பின் மேல் மரியாதை உண்டு. அவள் மனம் குளிரட்டும் என்று, தன் பிறந்த ஊரான கீழப்பாவூரில் சொல்லுகிற நல்ல தமிழ்ச் சொல்லைத் தேடி எடுத்துச் சொன்னாள்.

“ஊதா அடிப்போமா?”

கீழப்பாவூரில் வானம் ஊதா. பேனா மை ஊதா. பள்ளிக்கூடத்துப் பாவாடையும் ஊதா. ஆனால் ஸ்ரீதேவி நடத்தும் பாடப் புத்தகத்தில் ஊதா என்பது வானவில்லின் ஓரத்தில், கத்தரிக்காய்த் தோல் மாதிரி இருக்கிற நிறம்.

“ஊதாவா? வீட்டுக்கா? கண்ணு கூசுமுங்க அக்கா,” என்று சிரித்தாள் ஸ்ரீதேவி. “நீலம் அடிக்கலாம். பார்க்கவே குளுகுளுன்னு இருக்கும்.”

சங்கரேஸ்வரிக்கு நீலம் என்றால் ஒரு சின்ன பாட்டில். வெள்ளை வேட்டி அலசும் வாளியில் நாலு சொட்டு விடுவது.

“நீலமா? அது வேட்டிக்குல்லா போடுதது. சுவத்துல அடிச்சா வீட்டையே சலவைக்குப் போட்ட மாதிரி இருக்கும்,” என்று அவளும் சிரித்தாள்.

முதல் நாள் இரண்டு பேரும் சிரித்தார்கள். இரண்டாம் நாள் ஒருத்திதான் சிரித்தாள். மூன்றாம் நாள் யாரும் சிரிக்கவில்லை. ஒருத்திக்கு ரசனை கிடையாது என்பதும், மற்றவளுக்குப் படித்த திமிர் என்பதும் பெயிண்டர் மந்திரமூர்த்தி வழியாக அந்தப் பக்கமும் இந்தப் பக்கமும் போய்ச் சேர்ந்தன. அவர் கையில் எப்போதும் நிற அட்டை இருந்தது. அதில் விரலை வைத்து ‘இது’ என்று இரண்டு பேரில் யாரும் காட்டவில்லை. அடுத்தவளின் நிறம் எது என்பதுதான் நன்றாகத் தெரிகிறதே, பிறகு எதற்குக் காட்ட வேண்டும்?

அந்த வீட்டில் இரண்டு சொற்களின் பொருளும் தெரிந்தவன் ஒருவன் இருந்தான். விஜயசங்கர் இந்த ஊரில் பிறந்தவன், ஆலங்குளம் தாலுகா ஆபீசில் வேலை. ஆனால் மனைவியும் மதினியும் பேசிக்கொள்ளும்போது கைபேசியைப் பார்ப்பது என்ற நல்ல பழக்கத்தை எட்டு வருஷமாக அவன் கடைப்பிடித்து வந்தான். குடும்பத்தில் அமைதி நிலவியதற்கு அதுவே காரணம் என்றும் நம்பினான்.

லிங்கேஸ்வரனுக்குக் குற்றாலத்தில் பழக்கடை. மங்குஸ்தானும் ரம்புட்டானும் என்ன நிறத்தில் பழுக்கும் என்று தெரியும். அதற்கு மேல் நிறங்களோடு அவருக்குப் பேச்சு இல்லை. பத்தாவது நாள் அவர் பொறுமை போனது.

“ஆளுக்குப் பாதி, அவங்கவங்களுக்குப் பிடிச்ச கலரை அடிங்க,” என்றார். “ஒரு முகப்புக்கு ஒரு கலர் ஒத்துவரலைன்னா நடுவுல என்ன மயித்துக்குக் கதவு? திங்கக்கிழமை கொத்தனாரை வரச்சொல்லுதேன். அடைச்சிருவோம். என்னலே சொல்லுத?”

“சரிண்ணே,” என்றான் தம்பி. அண்ணன் சொல்லை அவன் ஒருநாளும் தட்டியதில்லை.

அன்று வெள்ளிக்கிழமை. சங்கரேஸ்வரி கோயிலுக்குப் போய் அம்மன் சன்னதியில் நெடுநேரம் நின்றாள். கதவு அடைபடக் கூடாது என்று வேண்டிக்கொண்டாள். தான் இறங்கிப் போன மாதிரியும் இருக்கக் கூடாது என்று சேர்த்துக்கொண்டாள். இரண்டையும் ஒன்றாகக் கேட்பது அதிகம் என்று அவளுக்கே தோன்றியதால், கூட ஒரு நெய்விளக்கு ஏற்றினாள்.

சனிக்கிழமை மதியம் தென்காசிக்குப் போய் ஹுஸைஃபாவின் பெயிண்ட் கடையில் ஏறினாள். அவர் நிற அட்டையைப் பிரித்து வைத்தார். ஒரு பக்கத்தில் மட்டும் நாற்பது கட்டங்கள்.

“இது வேண்டாம் பாய், வயலுக்கு அடிக்கிற துத்தம் மாதிரி இருக்கு. இது போலீஸ் வண்டி. இது சங்குப்பூ; நல்லாத்தான் இருக்கு, ஆனா ஒரு மழையிலயே கருத்துப்போன மாதிரி தெரியும். இது ஆஸ்பத்திரிச் சுவரு.”

“உங்க மனசுல இருக்கிறதைச் சொல்லுங்க, நான் எடுத்துத் தாரேன்.”

அவள் கொஞ்சம் யோசித்தாள். “சாரல் விட்டதும் மலைக்கு மேல மேகம் விலகி, கொஞ்சூண்டு வானம் தெரியுமே. அந்த ஊதா.”

ஹுஸைஃபா அட்டையை மூடிவிட்டு அவளைப் பார்த்தார். “காலையில ஒரு டீச்சர் வந்தாங்க. இதே மாதிரிதான் சொன்னாங்க. சாரல் விட்டதும் மலை மேல தெரியுற வானம்னு. மேலகரம் விலாசம்.”

“அது என் ஓரகத்தி. அவ நீலம் அடிக்கா. எனக்கு ஊதா.”

அவர் உள்ளே போய், காலையில் கலந்து வைத்த டப்பாவைத் தூக்கிக்கொண்டு வந்தார். கலந்த பெயிண்டில் ஒரு சொட்டைத் தொட்டு மூடியின் மேல் வைத்துவிடுவது கடை வழக்கம். உள்ளே என்ன நிறம் என்று திறக்காமலே தெரியும். அந்தப் பொட்டைச் சங்கரேஸ்வரி பார்த்தாள். வானமேதான்.

“இதுவா அவ கேட்ட நீலம்?”

“இதுதான்.”

“இது ஊதால்லா?”

“உங்களுக்கு ஊதா. அவங்களுக்கு நீலம். மெஷினுக்கு ரெண்டுமே இல்ல, அதுக்கு ஒரு நம்பர்தான்,” என்றார் ஹுஸைஃபா. “இப்பவே போன் போட்டுச் சொல்லிருங்க தங்கச்சி. நல்ல விஷயத்தை ஆறப்போடக் கூடாது.”

“நானே சொல்லிக்கிடுதேன் பாய். அதுவரைக்கும் நீங்க யார்ட்டயும் மூச்சு விட்டுராதீங்க.”

அவர் வாக்குத் தவறாதவர். அன்று வீட்டுக்குப் போனதும் மனைவி அலிமாவிடம்கூட இதைச் சொல்லவில்லை. அவர் கொஞ்சம் ஓட்டைவாய் மனிதராக இருந்திருந்தால் இந்தக் கதை இங்கேயே முடிந்திருக்கும்.

சங்கரேஸ்வரி தனக்கும் அதே நம்பரில் ஒரு டப்பா கலக்கச் சொல்லிவிட்டுப் பஸ் ஏறினாள். கேட்ட இரண்டையும் அம்மன் கொடுத்துவிட்டாள் என்று கண் கலங்கியது. வீட்டுக்கு வந்ததும் நடுக்கதவைத் திறந்து ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாம். ஐந்து எட்டு வைத்தால் போதும். கதவுப் பிடியில் கைகூட வைத்தாள்.

அப்போதுதான் அந்த எண்ணம் வந்தது. திங்கட்கிழமை காலையில் கொத்தனார் வந்து நிற்பார், பெயிண்டர் நிற்பார், வீட்டு ஆண்கள் நிற்பார்கள். அவர்கள் முன்னால் வந்து, ‘ஸ்ரீதேவி ஆசைப்பட்ட நீலத்தையே முகப்பு முழுக்க அடிங்க, நான் விட்டுக்குடுத்துட்டேன்’ என்று சொன்னால் எப்படி இருக்கும்? விரும்பிய நிறமும் கிடைக்கும், பெரிய மனுஷி என்ற பெயரும் கிடைக்கும். நல்ல காரியத்தை நாலு பேர் பார்க்கச் செய்தால் என்ன குற்றம்? கையை எடுத்துவிட்டாள். ஞாயிற்றுக்கிழமை முழுவதும் காய் நறுக்கியபடியே அந்த வாக்கியத்தைச் சொல்லிப் பார்த்துக்கொண்டிருந்தாள்.

நம் மனசில் உதிக்கிற நல்லதை ஒரு நாள் பூட்டி வைத்தால், அந்த ஒரு நாளில் அது என்னவெல்லாம் ஆகும் என்று நமக்குத் தெரிவதில்லை.

ஞாயிற்றுக்கிழமை காலையில் ஸ்ரீதேவி மகளின் பல் துலக்கியைத் தேடினாள். காணோம். தலையணையையும் காணோம். பள்ளிக்கூடப் பையும் அது தொங்கும் ஆணியில் இல்லை.

“குழலி, எல்லாத்தையும் எங்கே வெச்சே?”

“பெரியம்மை வீட்டுக் கட்டிலுக்கு அடியில. அவளுக்குத் தெரியாது. நாளைக்குக் கதவை அடைச்சிருவாங்கல்லா? அதான் முன்னாடியே கொண்டு போயிட்டேன்.”

“அப்ப அம்மா?”

குழந்தை அதையும் யோசித்து வைத்திருந்தாள். “நீ சன்னல் வழியா பேசு.”

ஸ்ரீதேவி சேலையை மாற்றிக்கொண்டு தென்காசிக்குப் புறப்பட்டாள். கடையில் அன்று அலிமா இருந்தாள். ஹுஸைஃபா கடையநல்லூரில் ஒரு கல்யாணத்துக்குப் போயிருந்தார்.

“ஊதா வேணுமுங்க. நல்ல ஊதா,” என்று ஸ்ரீதேவி அட்டையில் விரலை வைத்தாள்.

“கலந்தா திரும்ப எடுக்க மாட்டோம் டீச்சர். நல்லா பார்த்துச் சொல்லுங்க.”

“பார்த்தாச் சொல்ல முடியாதுங்க. அதான் பார்க்காமச் சொல்றேன்.”

“நேத்துக் கலந்த டப்பா?”

“அதுவும் இருக்கட்டும். மாடி அறைக்கு ஆகும்.”

திங்கட்கிழமை காலை எட்டு மணிக்குக் கொத்தனார் இசக்கிப்பாண்டி செங்கலோடு வந்தார். மந்திரமூர்த்தி கடையிலிருந்து மூன்று டப்பாக்களோடு வந்தார். இடது பாதிக்கு என்று ஸ்ரீதேவி காட்டிய டப்பாவைத் திறந்து, உருளையை முக்கி, முகப்பில் மேலிருந்து கீழாக ஓர் இழுப்பு இழுத்தார்.

சங்கரேஸ்வரி புதுச்சேலை கட்டிக்கொண்டு வாசலுக்கு வந்தாள். தொண்டையைச் சரிசெய்துகொண்டாள்.

“எல்லாரும் கேளுங்க. கதவை அடைக்க வேண்டாம். ஸ்ரீதேவி ஆசைப்பட்ட நீலத்தையே முகப்பு முழுக்க அடிங்க. நான் விட்டுக்குடுத்து…”

சுவரைப் பார்த்துவிட்டாள்.

“ஏலே மந்திரமூர்த்தி! என்னலே இது, கத்தரிக்காயைத் தேச்சு வச்சிருக்க?”

“நீங்க ஆசைப்பட்ட ஊதாதானுங்க அக்கா,” என்றாள் ஸ்ரீதேவி. அவள் முகத்தில் தியாகத்தின் ஒளி இருந்தது. “நான்தான் விட்டுக்கொடுத்துட்டேன்.”

சங்கரேஸ்வரி தன் டப்பாவின் மூடியைக் காட்டினாள். “இதுதாம்ட்டி ஊதா!”

“அது நீலமுங்க.”

“ஊதா.”

“நீலம்.”

கொத்தனார் செங்கலை இறக்குவதா ஏற்றுவதா என்று தெரியாமல் நின்றார். விஜயசங்கர் கைபேசியிலிருந்து தலையை நிமிர்த்தினான்.

“ரெண்டும் ஒண்ணுதான? நம்ம ஊர்ல நீலத்தைத்தான ஊதாங்குறது.”

எல்லாரும் அவன் பக்கம் திரும்பினார்கள்.

“இது உங்களுக்கு எப்ப இருந்து தெரியும்?” என்று கேட்டாள் ஸ்ரீதேவி.

“சின்ன வயசுல இருந்தே,” என்றான் அவன், அதில் என்ன தப்பு என்று விளங்காமல்.

ஸ்ரீதேவி சங்கரேஸ்வரியிடம் வந்தாள். “அக்கா, உங்களுக்குமா தெரியாது?”

ஆமாம், தெரியாது என்று சொல்லியிருந்தால் அதோடு போயிருக்கும். சங்கரேஸ்வரி தலையைக் குனிந்துகொண்டாள். “சனிக்கிழமையே தெரியும். கடையில பாய் காட்டிட்டாரு. நாலு பேரு முன்னாடி பெரிய மனுஷி ஆகணும்னு ரெண்டு நாளா வாயைக் கட்டிக்கிட்டு இருந்தேன். புத்தி கெட்டுப்போச்சு.”

ஸ்ரீதேவி மூடியின் மேலிருந்த பொட்டைத் தொட்டுப் பார்த்தாள். “முதல் நாளே நீங்க ப்ளூன்னு சொல்லியிருக்கலாமுங்களே அக்கா.”

“நீ கோவிப்பியேன்னுதான்.”

முதலில் ஸ்ரீதேவிக்குத்தான் சிரிப்பு வந்தது. பிறகு சங்கரேஸ்வரிக்கு. இரண்டு பேருக்கும் சிரித்துச் சிரித்துக் கண்ணில் தண்ணீர் வந்தது. அதில் எவ்வளவு சிரிப்பு என்று பிரித்துச் சொல்ல முடியாது.

“அப்ப சுவரு?” என்றார் இசக்கிப்பாண்டி.

எல்லாரும் லிங்கேஸ்வரனைப் பார்த்தார்கள். சொன்ன சொல்லைத் திரும்ப வாங்குவது அவருக்குப் பழக்கமில்லை. அவர் வாசற்படியைப் பார்த்தார், செங்கலைப் பார்த்தார். கொத்தனார் அவர் முகத்தைப் பார்த்துவிட்டு, “மாடிப்படி ஓரம் உடைஞ்சு கிடக்கே அண்ணாச்சி, இந்தச் செங்கல் அதுக்குச் சரியா இருக்கும்,” என்றார்.

“அதுக்குத்தானே வரச்சொன்னேன்,” என்றார் லிங்கேஸ்வரன்.

கொத்தனார் செங்கலை மாடிப்படிப் பக்கம் இறக்கினார்.

மத்தியானத்துக்குள் முகப்பு முழுவதும், சாரல் விட்டதும் தெரிகிற வானமாகிவிட்டது. மீந்தது அந்த ஒரு டப்பா.

“இந்தக் கத்தரிக்காயை என்ன செய்ய அக்கா? கடையில எடுக்க மாட்டாங்க,” என்றார் மந்திரமூர்த்தி.

“கதவுக்கு அடிங்க மாமா,” என்றாள் குழல்மொழி.

சுவருக்கு அடிக்கிற பெயிண்டை மரத்துக்கு அடிக்கக் கூடாது என்று அவர் எவ்வளவோ சொல்லிப் பார்த்தார். கேட்பார் இல்லை. நடுக்கதவின் இரண்டு பக்கமும், சட்டம், தாழ்ப்பாள் எல்லாம் சேர்த்து அந்த நிறம் ஏறியது. அதைச் சங்கரேஸ்வரி வயலட் என்கிறாள். ஸ்ரீதேவி அதைத் திருத்துவதில்லை.

பெயிண்ட் காய்ந்ததும் இரண்டு தாழ்ப்பாளும் இறுகிக்கொண்டு அசைய மறுத்துவிட்டன. சுரண்டி எடுத்துச் சரி செய்து தரட்டுமா என்று மந்திரமூர்த்தி இரண்டு தடவை கேட்டார். அதற்கு இப்போது என்ன அவசரம் என்று இரண்டு பக்கத்திலிருந்தும் ஒரே பதில் வந்தது.