அம்மா பழகிவிட்டாள்

விலங்கு நடத்தையியல் முதுகலையில் இரண்டாம் வருடம் ஆளுக்கொரு விலங்கு ஒதுக்குவார்கள். ரூபனுக்குக் கீரி வந்தது. ஆவுடைக்கு அவளுடைய அம்மா.

"ஒனக்கென்ன ஆவுடை, நேரத்துக்குச் சோறு கெடைக்கும்" என்றான் ரூபன். "நான்லா முள்ளுக்காட்டுல கெடக்கணும்."

பேராசிரியர் ஜெபசீலன் விதிகளைச் சொன்னார். விலங்குக்கு உணவு கொடுக்கக் கூடாது. அது கொடுத்தால் வாங்கவும் கூடாது. முதலில் அது பழக வேண்டும். பக்கத்தில் ஆள் இருப்பதை அது பொருட்படுத்தாமல் போகிற நாளில்தான் உண்மையான ஆய்வு தொடங்குகிறது.

"அம்மாவுக்கு என்ன நம்பர் சார்?"

"நம்பர் அப்புறம். மொதல்ல அம்மான்னு சொல்றத விடு."

துறை வண்டியில் பச்சைத் துணிக் கூடாரம் ஒன்று வந்தது. அதைக் கூடத்தில் பிரிட்ஜுக்கும் தையல் மிஷினுக்கும் நடுவில் நிறுத்தினார்கள். ஆவுடை உள்ளே உட்கார்ந்தாள். துணியில் கண்ணளவுக்கு ஓர் ஓட்டை இருந்தது.

அம்மா எதிர்ப்புக் காட்டவில்லை. கூடம் பெருக்கும்போது கூடாரத்தை ஒரு கையால் தூக்கினாள். "காலத் தூக்குட்டி" என்றாள். அடியில் பெருக்கிவிட்டுப் பழையபடி வைத்தாள்.

மத்தியானம் அடுக்களையிலிருந்து குரல் வந்தது. "ஏட்டி, சோறு ஆறுது. வா."

ஆவுடை குறிப்பேட்டில் நேரத்தைக் குறித்தாள். அம்மா தட்டைக் கொண்டுவந்து கூடார வாசலில் வைத்தாள். சோற்றை எறும்புகள் எடுத்துக்கொண்டன.

"இன்னும் கூப்பிடுதா?" என்று துறையில் ஜெபசீலன் கேட்டார்.

"கூப்பிடுறாங்க சார்."

"அப்ப பழகல. இப்படியே போனா பட்டம் கெடையாது."

"கூப்பிட்டா என்ன சார் செய்யணும்?"

"ஒண்ணும் செய்யாத. அதான் முறை."

ஆவுடை ஒன்றும் செய்யாமல் இருந்தாள். அதில் அவளுக்கு நல்ல தேர்ச்சி இருந்தது. அம்மா முழுப் பெயரைச் சொல்லிக் கூப்பிட்டாள். "காது அடைஞ்சி போச்சா மூதி?" என்று திட்டினாள். ஒரு நாள் தேங்காய்ப்பால் ஊற்றிச் சொதி வைத்து, வாசனை வரட்டும் என்று பாத்திரத்தின் மூடியைத் திறந்துவைத்தாள். பிறகு குரல் சிறுத்தது. ஒரு செவ்வாய்க்கிழமை, மகளின் தட்டைக் கையில் எடுத்துப் புரட்டிப் பார்த்தாள். எதற்கென்று தெரியாத ஒரு பொருளை வைப்பதுபோல அதைப் பரணில் வைத்தாள். அன்று சாயங்காலம் கூடாரத்தின் மேல் ஈரச் சேலையைக் காயப் போட்டாள்.

"பிரமாதம்" என்றார் ஜெபசீலன். "இவ்வளவு சுத்தமா இங்க யாருமே செஞ்சதில்ல. பட்டம் உறுதி." ஆவுடைக்குச் சற்று இடப்பக்கமாகப் பார்த்து அதைச் சொன்னார்.

ஆவுடை ஓட்டை வழியாகப் பார்த்தாள். அம்மா நின்றபடியே சாப்பிட்டாள். ஜன்னலைப் பார்த்து ஒருமுறை சிரித்தாள். பிள்ளையே பெறாதவள்போல் இருந்தாள். அந்த வரியை ஆவுடை எழுதவில்லை. அது அவதானிப்பு அல்ல, ஊகம்.

அடுத்த நாள் ஆய்வு நேரத்திலேயே அவள் கூடாரத்தை விட்டு வெளியே வந்தாள்.

கூடத்துக்கும் அடுக்களைக்கும் நடுவில் இப்போது இரண்டு பேருந்து நிறுத்தங்கள் இருந்தன. நடந்தே போனாள். வழியில் கை காட்டியும் எந்த வண்டியும் நிற்கவில்லை. அடுக்களையில் அம்மா அரிசி களைந்துகொண்டிருந்தாள். ஆவுடை அவளுக்கு நேர் எதிரே நின்றாள்.

"அம்மா, பசிக்குது."

அம்மா தலையைத் தூக்கினாள். சுவரின் மேல்மூலையைப் பார்த்தாள். பல்லி கத்தினால் செய்வதுபோல, மேடையில் விரலால் மூன்று முறை தட்டினாள்.

"நாந்தாம்மா. ஆவுடை."

"மேக்க இருந்துல்லா சொல்லுது" என்று அம்மா தனக்குள் சொல்லிக்கொண்டாள். "யாரோ வாராவ போல."

இன்னும் ஒரு பிடி அரிசி அள்ளிப் போட்டு உலையில் இட்டாள். ஈரக் கையை முந்தானையில் துடைத்தாள். வாசல் அவளுக்குப் பக்கத்திலேயே இருந்தது. கதவைத் திறந்து தெருவைப் பார்த்து நின்றாள்.

ஆவுடை அவள் முதுகுக்குப் பின்னால் போய் நின்றாள். இரண்டு பேரும் தெருவைப் பார்த்தார்கள். வெயில் நிலைப்படி வரைக்கும் வந்திருந்தது. உள்ளே உலை கொதித்தது.

வருகிறவர் நுழைய இடம் வேண்டுமே என்று அம்மா கொஞ்சம் ஒதுங்கிக்கொண்டாள்.