இறுகிப்போன பின்சக்கரம்

தங்கையின் சைக்கிளைத் தலைகீழாக நிறுத்திப் பின்சக்கரத்தைச் சுற்றிவிட்டாள் மெக்கானிக் அக்கா. அரைச்சுற்றிலேயே நின்றது. பிரேக் கட்டை உரசவில்லை, ரிம்மும் கோணவில்லை. அச்சில் சக்கரத்தின் பால்ரஸ் குண்டுகளை அழுத்திப் பிடிக்கும் கோன் நட்டைத்தான் யாரோ மூச்சுவிட இடமில்லாமல் முறுக்கியிருந்தார்கள்.

"நான் வேலைக்குப் போகக் கூடாதுன்னு அவர்தான் முறுக்கிட்டாரு" என்றாள் தங்கை, வீங்கிய உதட்டை மறைத்தபடி.

அக்காவுக்குப் பற்றிக்கொண்டு வந்தது. அதற்குள் தங்கையின் புருஷனே கடைக்குள் பாய்ந்தான். "என் குடும்பத்தையா கெடுக்கிறே?" என்று அக்காவின் கழுத்தைப் பிடித்துச் சுவரில் மோதினான். அவளுக்குக் கண் இருட்டியது. மடாரென்று ஒரு சத்தம். தங்கை பெரிய ஸ்பேனரால் அவன் முழங்காலில் போட்டிருந்தாள். அவன் சுருண்டு விழுந்து அலறினான். மறுபடி ஓங்கியவளை அக்கா தாவிப் பிடித்தாள்.

"போதும்டி, செத்துடப் போறான்!"

தங்கை ஸ்பேனரைக் கீழே எறிந்தாள். "அப்போ சீக்கிரம் கோனைத் தளர்த்து. போலீஸ் ஸ்டேஷனுக்கு நானே ஓட்டிட்டுப் போறேன்."