பாஸ்கு பூசைக்குப் போனவன்

கொழும்பில் ஜப்பான்காரன் குண்டு போட்டுவிட்டான் என்ற செய்தி தூத்துக்குடிக் கடற்கரைத் தெருவுக்கு வந்தபோது மரியசெல்வி மீன் கழுவிக்கொண்டிருந்தாள். 1942, பாஸ்கு என்கிற ஈஸ்டர் திருநாளுக்கு மறுநாள். அவள் கணவன் ரோச் ஓடு ஏற்றிய தோணியில் கொழும்புக்குப் போய்ப் பத்து நாளாகியிருந்தது. அவளுக்கு அப்போது ஏழாம் மாதம்.

அந்தத் தோணியை நடத்திப் போன தண்டல் பர்னபாஸ், ரோச்சின் அக்கா ஞானசௌந்தரியின் கணவன். ஒரே வீட்டின் இரண்டு ஆண்களும் அந்தத் தோணியில் இருந்தார்கள். வீட்டில் இரண்டு பெண்கள் மட்டும்.

அடுத்த குண்டு இங்கேதான் விழும் என்று ஊரே பேசியது. பானை சட்டிகளை மாட்டு வண்டியில் ஏற்றிக்கொண்டு சனங்கள் மேற்கே கிளம்பினார்கள். வானத்தில் எது இரைந்தாலும் மரியசெல்வி வயிற்றைப் பிடித்துக்கொண்டு சுவரோடு ஒட்டிக்கொள்வாள்.

"மதினி, நாமளும் எங்கயாவது போயிருவோமா?"

"அவுக வந்து எறங்கும்போது வீடு பூட்டிக் கெடக்கணுமாக்கும்? நீ வேணும்னா புன்னைக்காயலுக்கு உங்கம்மா வீட்டுக்குப் போ. வண்டி பிடிச்சு விடுதேன்."

அவள் போகவில்லை.

தினமும் காலையில் இருவரும் மாதா கோயிலுக்குப் போனார்கள். கர்த்தர் கற்பித்த செபத்தைச் சொல்லும்போது, 'உம்முடைய சித்தம் செய்யப்படுவதாக' என்ற இடம் வந்ததும் மரியசெல்விக்கு நாக்கு ஒட்டிக்கொள்ளும். தன் வாயாலேயே சரி என்று சொல்லிவிட்டால், அதையே சம்மதமாக வைத்துக்கொண்டு சர்வேசுரன் ரோச்சை எடுத்துக்கொண்டால்? அந்த வரியை மட்டும் விழுங்கிவிட்டு அடுத்த வரிக்குத் தாவிவிடுவாள். இதை அவள் யாரிடமும் சொல்லவில்லை.

செய்தி வந்த பன்னிரண்டாம் நாள் மத்தியானம் கடற்கரையில் கூச்சல் கேட்டது. பர்னபாஸின் தோணி வந்துவிட்டது. பாயில் பெரிய கிழிசல். மரியசெல்வி மூச்சு வாங்க ஓடினாள். இறங்கியவர்களை ஒவ்வொருவராகப் பார்த்தாள். ஐந்து பேர் இறங்கினார்கள். கடைசியாக பர்னபாஸ் இறங்கினான். அவனுக்குப் பின்னால் யாரும் இல்லை.

பர்னபாஸ் அவள் முகத்தைப் பார்க்கவில்லை.

"பாஸ்கு பூசை பாத்துட்டு வாரேன்னு காலையிலேயே கரைக்குப் போனான், செல்வி. போற வழியிலதான் குண்டு விழுந்துச்சு. கால்ல நல்ல அடி. பெரியாஸ்பத்திரியில சேத்தோம். துறைமுகத்து வெள்ளைக்காரன் எல்லாத் தோணியையும் ஒடனே கெளம்பச் சொல்லிட்டான். பாய் கிழிஞ்சு, வந்து சேர இம்புட்டு நாளாச்சு. நான் வரும்போது உயிர் இருந்துச்சு. அம்புட்டுதான் எனக்குத் தெரியும்."

வீட்டுக்கு வந்த கணவனுக்கு ஞானசௌந்தரி ஒரு செம்பு தண்ணீர் கொடுத்ததோடு சரி. சிரிக்கவும் இல்லை, அழவும் இல்லை. தன் புருஷன் வந்துவிட்ட சந்தோஷம் வெளியே தெரிந்துவிடுமோ என்று பயந்தவள்போல அடுக்களை மூலையில் போய் உட்கார்ந்துகொண்டாள். மரியசெல்வி அங்கேயும் விடவில்லை.

"சர்வேசுரன் ஒங்க செபத்தக் கேட்டாரு. என் செபத்தக் கேக்கல. குடிக்கப் போனாகளா, சண்டைக்குப் போனாகளா? பூசைக்குப் போனவுகள எதுக்கு அடிக்கணும் மதினி?"



"எளா, எனக்குத் தெரியல," என்றாள் ஞானசௌந்தரி. "அவன் என் கூடப்பெறந்தவன். எனக்கு மட்டும் பதில் சொல்லிட்டாரா என்ன? கோயில்ல முட்டுக்குத்தி நிக்கையில எனக்கும் பயமாத்தான் இருக்கும். அவரு நல்லவருங்குறத விட்டுட்டா எனக்குப் பிடிச்சுக்கிட வேற எதுவும் இல்ல. அதனாலதான் போறேன்."

தன்னைவிடத் தைரியசாலி என்று நினைத்திருந்த மதினிக்கும் பயம் உண்டு என்பது மரியசெல்விக்கு அப்போதுதான் தெரிந்தது. தானும் அவள் பக்கத்தில் உட்கார்ந்தாள். வெகுநாளாக மறைத்து வைத்திருந்ததைச் சொன்னாள். அந்த ஒரு வரியைத் தன்னால் சொல்ல முடியவில்லை என்று.

"பயமா இருந்தா பயத்தோடயே சொல்லு," என்றாள் ஞானசௌந்தரி. "நான் பக்கத்துல நிக்கேன்."

மறுநாள் பூசையில் மரியசெல்வி மதினியின் முந்தானையைப் பிடித்துக்கொண்டு அந்த வரியைச் சொன்னாள். "எடுத்துக்கிட மாட்டீருன்னு நம்பிச் சொல்லல. நீரு எங்களுக்குக் கெட்டது நெனைக்க மாட்டீருன்னு நம்பிச் சொல்லுதேன்" என்று மனதுக்குள் சேர்த்துக்கொண்டாள். பயம் போய்விடவில்லை. ஆனால் அதற்குப் பிறகு ஒரு நாளும் அந்த வரியை அவள் விழுங்கவில்லை.

கொழும்பிலிருந்து கடிதம் வரவில்லை. போய்வந்த தோணிக்காரர்களில் ஒருவன், ரோச் செத்துப்போனதாகக் கேள்விப்பட்டேன் என்றான். இன்னொருவன், இல்லை, வேறு ஆஸ்பத்திரிக்கு மாற்றிவிட்டார்கள் என்றான். ஜூன் மாதம் பெண் குழந்தை பிறந்தது. ஞானஸ்நானத்துக்குத் தகப்பன் இடத்தில் பர்னபாஸ் நின்றான்.

ஆகஸ்டு தொடக்கத்தில், மாதா கோயில் திருவிழா நடந்துகொண்டிருந்த ஒரு பகலில், ரயிலடியிலிருந்து வந்த ஒற்றை மாட்டு வண்டி வாசலில் நின்றது. அதிலிருந்து இறங்காமல் ஒருவன் உட்கார்ந்திருந்தான். எலும்பும் தோலுமாக இருந்ததால் மரியசெல்விக்கு ஒரு கணம் அடையாளம் தெரியவில்லை. இடது கால் முழங்காலுக்குக் கீழே இல்லை.

"செல்வி," என்றான் ரோச். "இனிமே என்னால தோணிக்குப் போக முடியாது. எறங்கட்டுமா, வேண்டாமா?"

அவள் ஓ என்று அழுதாள். வண்டியின் மேல் ஏறி, குழந்தையை அவன் மடியில் வைத்தாள். அவனுக்கு இருபத்தெட்டு வயது. கடலைத் தவிர வேறு தொழில் தெரியாது. சண்டை இன்னும் முடியவில்லை. இனி எப்படிப் பிழைக்கப்போகிறோம் என்று அவளுக்குத் தெரியவில்லை.

"ரொம்பப் பயந்துட்டியா?" என்று அவன் கேட்டான்.

"இப்பவும் பயமாத்தான் இருக்கு," என்றாள். அவன் கையை எடுத்துத் தன் தோளைச் சுற்றிப் போட்டுக்கொண்டாள். "மெதுவா எறங்குங்க. மதினி, இந்தப் பக்கம் வந்து பிடிங்க."