மூச்சிழுத்தால் சம்மதம்

வட ஸ்வீடனில் எங்கள் பக்கத்தில் 'ஆமாம்' என்று யாரும் வாயைத் திறந்து சொல்வதில்லை. உதட்டைக் குவித்து மூச்சை வெடுக்கென்று உள்ளே இழுப்போம். 'ஷுப்' என்று ஒரு சத்தம் வரும், அவ்வளவுதான். கடையில் பால் இருக்கிறதா என்றால் ஷுப். வெளியே பனி கொட்டுகிறதா என்றால் ஷுப். தெற்கு ஸ்வீடன்காரர்கள் இதைக் கேட்டுச் சிரிப்பார்கள். சிரிக்கட்டும். அவர்கள் பேசுவதும் தொண்டையில் கஞ்சியை நிறுத்திவைத்துக்கொண்டு பேசுகிற மாதிரிதான் இருக்கும்.

என் புருஷன் இங்வே இந்த விஷயத்தில் ஊருக்கே ஒரு படி மேல். எங்கள் கல்யாணத்தை நடத்திவைத்த பாதிரியார் தெற்கேயிருந்து புதிதாக வந்தவர். "இந்த பார்ப்ரூவை மனைவியாக ஏற்றுக்கொள்கிறாயா" என்று கேட்டார். இவன் மூச்சை இழுத்தான். பாதிரியார் காத்திருந்தார். மறுபடி கேட்டார், மறுபடி இழுத்தான். முன்வரிசையில் இருந்த என் தம்பி ஸ்டூரே எழுந்து, "மச்சான் சரின்னுட்டாரு, ஐயா, மேல நடத்துங்க" என்று சொன்ன பிறகுதான் மோதிரம் என் விரலுக்கு வந்தது. அந்த ஒரு மூச்சை நம்பித்தான் இத்தனை வருஷம் குடித்தனம் நடத்தியிருக்கிறேன்.

இங்வேக்கு வேலை எங்கள் ஊர்ப் பனிச்சறுக்கு மேட்டில். சறுக்க வருகிறவர்களைக் கம்பியில் தொங்கவிட்டு உச்சிக்கு இழுத்துப்போகும் லிஃப்டுக்கு அவன்தான் மெக்கானிக். போன வருஷம் ஊராட்சி அதை இழுத்து மூடிவிட்டது. பழுது பார்க்கப் பணம் இல்லையாம். ஊராட்சி அலுவலகத்துக்குப் புதுக் கூரை போட மட்டும் எங்கிருந்தோ பணம் வந்தது. அன்றிலிருந்து இங்வே வீட்டில். கோடாரியைத் தீட்டினான், ரம்பத்தைத் தீட்டினான், பிறகு என் சமையலறைக் கத்திகளை ஒன்று விடாமல் தீட்டினான். ரொட்டி நறுக்கப் போய் என் விரலை நறுக்கிக்கொண்டேன்.

நான் முதியோர் இல்லச் சமையலறையில் இருந்தேன். அதையும் மூடி, இனிமேல் சாப்பாடு லாரியில் வரும் என்று சொல்லிவிட்டார்கள். சுற்றி வளைத்துப் பேச எனக்கு வராது. எனக்கு இந்த ஊரைவிட்டுப் போக வேண்டும். குளிர்காலம் வந்தால் மதியம் சாப்பிட்டுக் கையலம்புவதற்குள் இருட்டிவிடுகிறது, எங்கள் தெருவில் விளக்கு எரிகிற வீடு எங்களுடையது மட்டும்தான், பேச ஒரு ஜீவன் கிடையாது. மனிதர்கள் சத்தம் போடுகிற இடத்தில் போய் உட்கார வேண்டும். போனால் இவனோடுதான் போவேன். சிக்கலே அதுதான், ஏனென்றால் இவன் மனதில் இருப்பது கர்த்தருக்கு மட்டும் தெரிந்த விஷயம்.

விளம்பரத்தைப் பார்த்தது நான். ஸ்விட்சர்லாந்தில் ஒரு மலையூரில் லிஃப்ட் மெக்கானிக் தேவை, தங்க வீடும் உண்டு. இங்வேயின் பெயரில் விண்ணப்பத்தை நானே தட்டினேன். அனுப்பட்டுமா என்று கேட்டேன். ஷுப் என்றான். எனக்குத் தலைகால் புரியவில்லை. அனுப்பிய பிறகுதான் உறைத்தது, முந்தின நாள் மீனில் உப்புத் தூக்கலா என்று கேட்டதற்கும் இதே ஷுப்தான்.

ஸ்டூரே காபிக்கு வந்தவன் விஷயத்தைக் கேட்டுவிட்டு, தன் மச்சானைத் திரும்பிப் பார்த்தான்.

"ஏன்க்கா, மச்சான் வாயத் திறக்கறதுக்குள்ள அந்த ஊர்ல பனியே உருகிடுமே?" என்றான்.

இங்வே அதற்கும் மூச்சை இழுத்தான்.

கம்ப்யூட்டரில் நேர்காணல் என்று தகவல் வந்தது. கல்யாணத்துக்கும் சாவுக்கும் போடுகிற சட்டையை மாட்டிவிட்டு அவனைத் திரைக்கு முன்னால் உட்காரவைத்தேன். திரையில் இம்போடன் அம்மாள் வந்தாள். அந்த மலையில் ஓடுகிற லிஃப்டெல்லாம் அவள் பொறுப்பு. பேச்சு ஆங்கிலத்தில். முதல் காரியமாக, அவரோடு தனியாகப் பேச வேண்டும், நீங்கள் தயவுசெய்து வெளியே இருங்கள் என்று என்னிடம் சொல்லிவிட்டாள். எனக்கு முகத்தில் அடித்த மாதிரி இருந்தது. விண்ணப்பம் போட்டவளே நான்தான். சமையலறைக் கதவுக்குப் பின்னால் பாதி உரித்த உருளைக்கிழங்கோடு நின்றேன். ஒரு ஷுப் கேட்டது. கொஞ்சம் கழித்து இன்னொன்று. பிறகு இன்னும் ஒன்று. அப்புறம் ரொம்ப நேரம் ஒன்றுமே இல்லை. கடைசியில் இவன் ஏதோ முனகினான். வெளியே வந்து காபி ஊற்றிக்கொண்டான். எப்படிப் போச்சு என்றேன். "போச்சு" என்றான்.

நான் சும்மா இருக்கவில்லை. கிடைக்கும் என்று மனதுக்குள் ஒரு இது. ஃப்ரீசரில் பாதிக் கடமான் கிடந்தது, அதைத் தூக்கிக்கொண்டு ஸ்விட்சர்லாந்துக்குப் போக முடியாது. கடமான் உருண்டை, கடமான் குழம்பு, கடமான் சூப் என்று தினம் அதுதான். இங்வே தட்டைப் பார்ப்பான், சாப்பிடுவான். பனி ஸ்கூட்டரை ஸ்டூரே "நான் பாத்துக்கறேன்க்கா" என்று ஓட்டிக்கொண்டு போய்விட்டான். அடுப்பு முன்னால் நின்றுகொண்டு உரக்க ஜெர்மன் படித்தேன். இங்வே பின்கட்டுக் கொட்டகையில் சாமான் ஏற்ற மரப்பெட்டி அடிக்க ஆரம்பித்தான். உதட்டுக்கடியில் அடக்குகிற புகையிலை டப்பாக்களுக்கென்றே ஒரு பெட்டி தனியாகத் தயாரானது. அதைப் பார்த்ததும் எனக்கு உயிர் வந்தது. இஷ்டமில்லாதவன் பெட்டி அடிப்பானா?

அப்படியிருக்கும்போதுதான் இம்போடன் அம்மாளே ஃபோன் செய்தாள். இங்வே கொட்டகையில் இருந்தான், நான் எடுத்தேன். அவள் இழுத்து இழுத்துப் பேசினாள்.

"கேக்கறேன்னு தப்பா நினைக்காதீங்க. உங்க வீட்டுக்காரருக்கு நெஞ்சு சம்பந்தமா ஏதாவது இருக்கா?"

ஒன்றும் இல்லையே, ஏன் என்றேன். சொன்னாள். லிஃப்ட் தூணில் ஏறுவீர்களா என்று கேட்டாளாம், அவருக்கு மூச்சு அடைத்துக்கொண்டதாம். நவம்பரிலேயே வர முடியுமா என்றதற்கும் அடைத்துக்கொண்டதாம். சம்பளத்தைச் சொன்னபோது அடைத்துக்கொண்டதைப் பார்த்து அவளுக்கே ஒரு மாதிரியாகி, வீட்டுக்கு வாடகை வேண்டாம் என்று சொல்லிவிட்டாளாம். ஆனால் இவ்வளவு மூச்சுத்திணறல் உள்ளவரைத் தூணில் ஏற்ற நிர்வாகத்துக்குப் பயம், வேறொருவரை எடுக்கலாம் என்று இருக்கிறார்களாம்.

எனக்கு உடம்பெல்லாம் பற்றி எரிந்தது. ஒரு வருஷம் காத்திருந்து கிடைத்த வேலை ஒரு ஷுப்பில் போகிறது.

"அம்மா, அது மூச்சுத்திணறல் இல்ல. அது 'ஆமாம்'," என்றேன்.

"எது?"

அவளுக்குப் புரிய வேண்டுமே என்று ஃபோனிலேயே செய்து காட்டினேன். ஷுப்.

"கடவுளே, உங்களுக்குமா?" என்றாள்.

அவளுக்குப் புரியவைப்பதற்குள் எனக்கு நிஜமாகவே மூச்சு வாங்கிவிட்டது. எங்கள் ஊர் டாக்டரம்மாவே நோயாளிகளிடம் இப்படித்தான் மூச்சிழுப்பாள் என்று சத்தியம் செய்தேன். அவள் ஒருவழியாகச் சிரித்தாள். அப்படியென்றால் அவர் எல்லாவற்றுக்கும் சரி என்றுதான் சொன்னாரா என்று கேட்டாள். எல்லாவற்றுக்கும் என்றேன். அவள் சிரிப்பு நின்றது.

"ஒண்ணே ஒண்ணுக்கு மட்டும் அந்தச் சத்தம் வரல. இங்க வர உங்களுக்கு ஆசைதானேன்னு கேட்டேன்."

"அதுக்கு என்ன சொன்னான்?"

"ஒண்ணும் சொல்லல. படம் நின்னுபோச்சோன்னு இங்க தட்டிப் பாத்தேன். அப்புறம், உங்க கேன்டீன்ல சமையல் வேலை இருக்கான்னு கேட்டாரு. உங்களுக்காம். அவளுக்கு நாலு பேரு நடமாடற இடமா இருக்கணும்னாரு."

வேலை அவருக்குத்தான், கேன்டீனில் உங்களுக்கும் இடம் உண்டு, வெள்ளிக்கிழமைக்குள் சொல்லுங்கள் என்று வைத்துவிட்டாள். நான் குதித்திருக்க வேண்டும். ஃப்ரீசர் பக்கத்தில் தரையில் உட்கார்ந்துவிட்டேன். அனுப்பட்டுமா என்று கேட்டிருக்கிறேன், போகலாமா என்று கேட்டிருக்கிறேன். உனக்கு ஆசையா என்று முன்பின் தெரியாத ஒரு ஸ்விஸ்காரிக்குக் கேட்கத் தோன்றியிருக்கிறது, எனக்குத் தோன்றவில்லை. வெட்கமாக இருந்தது. அதைவிட அதிகமாக அவன்மேல் கோபம் வந்தது.

கொட்டகைக்குப் போனேன். கடைசிப் பெட்டிக்கு மூடி அடித்துக்கொண்டிருந்தான். வேலை கிடைத்துவிட்டது என்றேன். மூச்சை இழுத்தான்.

"அந்தக் கதையெல்லாம் வேண்டாம். வாயத் திறந்து சொல்லு. உனக்கு அங்க போக ஆசையா?"

சுத்தியலைக் கீழே வைத்தான். கதவு வழியாக வெளியே பார்த்தான். அங்கே மேடு தெரிகிறது, ஓடாத லிஃப்டின் தூண்கள் தெரிகின்றன. அவற்றில் அவன் ஏறாத தூண் கிடையாது.

"இல்ல," என்றான்.

"கொஞ்சம்கூடவா?"

"கொஞ்சம்கூட இல்ல."

"அப்புறம் எதுக்கு மனுஷா இத்தனை நாளா உக்காந்து பெட்டி அடிச்சிட்டிருக்கே?"

இதுகூடவா தெரியாது என்கிற மாதிரி என்னைப் பார்த்தான்.

"நீ போறே இல்ல," என்றான்.

திட்டுவதற்கென்று வாய் நிறைய வைத்துக்கொண்டு வந்திருந்தேன். நீ வேண்டாமென்றால் நானும் போகவில்லை, இப்போதே ஃபோன் செய்து சொல்லிவிடுகிறேன் என்றுதான் சொன்னேன். அவன் ஆணியை எடுத்துக்கொண்டான்.

"ஃபோன் பண்ணி வர்றோம்னு சொல்லு. வாய்விட்டுச் சொல்லு, இல்லன்னா அந்தம்மா பயந்துடப் போவுது," என்றான். "அதுக்கு முன்னாடி இந்தப் பலகையக் கொஞ்சம் பிடி, ஆடுது."

பிடித்துக்கொண்டேன்.