பெயரை எடுத்துவிட்டு

சூஃபி குருவான ஷெய்கு இறந்தபின், டயர்க் கடை மாடியில் வாராவாரம் கூடி அல்லாஹ்வின் பெயரை ஓதும் திக்ரை நடத்தும் பொறுப்பு மருமகன் கைக்கு வந்தது. வந்த வேகத்தில் அவன் பாய்களைத் தூக்கிப் போட்டுவிட்டு ரப்பர் விரிப்பு வாங்கினான், சுவருக்கு வெள்ளையடித்தான். ஷெய்குவின் மகளான அவன் மனைவி அதைக் கண்டுகொள்ளவில்லை. பகல் முழுக்க மருந்துக் கடையில் நின்றுவிட்டு வருகிறவளுக்குச் சுவரோடு என்ன சண்டை?

ஆனால் கைபேசியில் புருஷன் போட்டிருந்த விளம்பரத்தைப் பார்த்ததும் அவளுக்குச் சுர்ரென்று ஏறியது. 'சூஃபி மூச்சு. மன அழுத்தம் போகும். மதம் தேவையில்லை.'

"அல்லாஹ் பேரே இல்லாம என்னங்க திக்ரு?"

"பேரச் சொன்னா பாதிப் பேரு வர மாட்டாங்க. 'ஹூ'ன்னு மூச்சு விட்டாப் போதும்."

"எங்க அத்தா மூச்சுப் பயிற்சியா நடத்துனாரு?"

"உங்க அத்தாகிட்ட வந்ததே நாலு கிழடுங்க. அதுல ரெண்டு குறட்டை விடும்."

அவள் அண்ணனுக்குப் போன் போட்டாள். அவன் வேறு கட்சி. திக்ருக் கூட்டமே மார்க்கத்தில் இல்லாத கூத்து என்று சொல்லி, பெற்ற தகப்பனோடு பேசாமல் இருந்தவன். "நல்லதாப் போச்சு. அந்தக் கூத்து அவன் கையாலயே ஒழியட்டும்" என்று வைத்துவிட்டான்.

அடுத்த வகுப்புக்கு அவள் வேலை உடுப்போடு நேராக மாடியேறினாள். விளக்கை மங்கலாக்கி, கண்ணை மூடி, அத்தனை பேரும் 'ஹூ, ஹூ' என்று மூச்சு விட்டுக்கொண்டிருந்தார்கள். அடுப்பு ஊதுவதுபோல் இருந்தது. பின்னால் நின்றவள், "லா இலாஹ இல்லல்லாஹ்" என்று அடிவயிற்றிலிருந்து எடுத்தாள். ஒருத்தி விருட்டென்று எழுந்து போனாள். மற்றவர்கள் கண்ணைத் திறந்தார்கள், கைபேசியையும் எடுத்தார்கள். தொண்டை கட்டும்வரை அவள் நிறுத்தவில்லை. அத்தா போனபோது வராத அழுகை அப்போது வந்தது. அதையும் படம் பிடித்தார்கள்.

வீட்டில் அடி விழும் என்றுகூட நினைத்திருந்தாள். அவனோ பல்லெல்லாம் தெரியச் சிரித்துக்கொண்டு வந்தான்.

"அந்த வீடியோவ ஊரே பாத்துருக்கு! அந்தம்மா அடுத்த வாரமும் வருவாங்களான்னு ஒரே போனு. வாராவாரம் கடைசியில வந்து அப்படியே அழுதுட்டுப் போயேன்."

"உன் மூஞ்சில முழிக்கவே அருவருப்பா இருக்குடா" என்றாள். கல்யாணமாகி முதல் முறையாக 'டா' வந்தது. அவன் அதற்கும் சிரித்தான்.

அன்றோடு பேச்சு நின்றது. மாடியில் கூட்டம் நிரம்பி வழிகிறது. கீழே, கடைக்குப் பின்னால் இருக்கும் வீட்டு அடுப்படியில், அத்தாவிடம் வந்துகொண்டிருந்த கிழவர்களில் இருவரும் அவர்களில் ஒருவரின் மனைவியும் இவளோடு தரையில் உட்காருகிறார்கள். குரல் வெளியே போகாமல் பெயரைச் சொல்கிறார்கள்.

போன வாரம் அவன் வந்து கதவைத் தட்டினான். "ஏம்மா, கேமராவ மட்டும் ஒரு ஓரமா வச்சுட்டுப் போயிடுறேன். நான் உள்ள வரல."

கிழவர் ஒருவர் அவளைப் பார்த்தார். அவள் எழுந்துபோய் இரண்டாவது தாழ்ப்பாளையும் போட்டாள்.