கடித்துத் துப்பிய கரும்பு

எங்கள் பள்ளக்காடு உவர்மண். அதைச் செங்கல் சூளைக்காரருக்கு விற்றுவிடலாம் என்று அண்ணன் முடிவே கட்டிவிட்டான். அப்பா அண்ணன், தங்கை எங்கள் இருவருக்கும் பொதுவாக விட்டுப்போன நிலம். நான் கையெழுத்துப் போடாமல் ஒரு பிடி மண் அசையாது. ஒரே ஒரு வெள்ளாமை பார்க்கிறேன், தேறாவிட்டால் நானே போடுகிறேன் என்று வாயை விட்டேன்.

ஆராய்ச்சிப் பண்ணையில் புது ரகக் கரும்புக் கரணை வாங்கி நட்டேன். எரிபொருளுக்கென்றே உருவாக்கிய கரும்பு. பாதித் தண்ணீரிலேயே தலைக்கு மேல் வளர்ந்து நின்றது. அண்ணன் ஒன்றை ஒடித்துக் கடித்தான். முகம் கோணிவிட்டது. துப்பிவிட்டு, இது கரும்பா மூங்கிலா என்று ஊரே கேட்கச் சிரித்தான். எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது. நாக்கை வைத்தே கரும்புக்கு மார்க் போட்டுப் பழகிய குடும்பம், என்ன செய்ய?

வெட்டு முடிந்ததும், காய்ந்த கரும்புத் தோகையைக் கொளுத்த அண்ணன் வழக்கம்போலத் தீப்பெட்டியோடு வந்தான். அந்தப் புகையில் வருஷா வருஷம் அண்ணி மூச்சிரைத்துக் கிடப்பாள். கிட்டே வராதே என்று விரட்டிவிட்டு, தோகையையும் கட்டாகக் கட்டி ஏற்றினேன்.

சர்க்கரை ஆலை வாசலில், சாறு சோதிக்கிற பையன் பழக்கதோஷத்தில் ஒரு சொட்டை எடுத்துக் கருவியில் பார்த்தான். இனிப்பு பத்தாது, வண்டியைத் திருப்புங்கள் என்றான். அண்ணன் டிராக்டரில் இருந்தபடி, அப்பவே சொன்னேனே என்கிற மூஞ்சியோடு என்னைப் பார்த்தான். பள்ளக்காடு போச்சே என்றுதான் நினைத்தேன். ஆனாலும் என் வாய் சும்மா இருக்குமா? டிராக்டர் சாவியைப் பிடுங்கி இடுப்பில் செருகிக்கொண்டேன்.

"இது சக்கரைக்கு வந்த கரும்பு இல்ல தம்பி, எரிபொருளுக்கு வந்தது. பின்வாசல்ல எடை போடச் சொல்லு. அதுவரைக்கும் வண்டி நகராது."

பின்னால் நின்ற வண்டிகள் ஹாரனை அலறவிட்டன. எரிபொருள் பிரிவு மேலாளரம்மா ஓடி வந்தார். ஒரு கரும்பை முறித்து நாரைப் பார்த்ததும் அவர் முகம் மலர்ந்துவிட்டது. சாறு மட்டுமில்லை, நாரும் எத்தனால் ஆகும், தோகை கொதிகலனுக்குப் போகும், அந்தச் சாம்பலும் வயலுக்கே உரமாகத் திரும்பும் என்றார். எவ்வளவு விளைந்தாலும் கொண்டுவரச் சொன்னார். பின்வாசலில் எடை போட்டுப் பார்த்தால், எங்கள் மேட்டுக்காட்டு நல்ல மண்ணில்கூட ஒருநாளும் அந்த எடை வந்ததில்லை.

அண்ணன் தோகைக் கட்டுகளையே பார்த்துக்கொண்டிருந்தான்.

"இதையா நான் வருஷா வருஷம் கொளுத்தினேன்?"

வெட்டிய கட்டைகள் மறுபடி துளிர்த்து முழங்கால் உயரம் நின்றபோது, சூளைக்காரர் அளவு நாடாவோடு வந்தார். நான் வாயைத் திறப்பதற்குள் அண்ணன் முந்திக்கொண்டான்.

"நிலம் விக்கிறதா இல்லைங்க. வேணும்னா தங்கச்சிகிட்ட கேட்டுப் பாருங்க. நான் பக்கத்துல நிக்க மாட்டேன்."

சூளைக்காரர் நாடாவைச் சுருட்டிக்கொண்டு நடையைக் கட்டினார். அண்ணன் சட்டைப்பையிலிருந்த தீப்பெட்டியை எடுத்து, அடுப்புக்கு வைத்துக்கொள் என்று அண்ணியிடம் நீட்டினான். அண்ணி அதை வாங்கிக்கொண்டு, ஒரு இருமல்கூட இல்லாமல், வாய்விட்டுச் சிரித்தாள்.